வீட்டிலிருந்து நேரடி விற்பனை: கார் மைலேஜை ஷெட்யூல் சி-யில் (சுயதொழில் வரவு செலவு வரிப் படிவம்) எப்படிக் கழிப்பது?

எடிசன்_டப்பாக்கடை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் வீடு. எச்-4 இ.ஏ.டி. (எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைக்கான வேலை அனுமதி அட்டை) கையில் இருக்கிறது. சமையலறை டப்பா, பாத்திர வகைகளை நேரடி விற்பனையில் விற்கிறேன். கமிஷனுக்குக் கம்பெனி 1099-என்.இ.சி. (ஊழியரல்லாதவருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் படிவம்) அனுப்புகிறது. சரக்கு எல்லாம் வீட்டு பேஸ்மென்ட்டில். வாரத்தில் மூன்று நாலு தடவை பிளெயின்ஸ்போரோ, பிரின்ஸ்டன், பிரிட்ஜ்வாட்டர் பக்கம் டெமோவுக்கும் டெலிவரிக்கும் போக வேண்டும். சனிக்கிழமை தோறும் டீம் மீட்டிங், எப்போதும் ஒரே இடத்தில்.

2025-ல் கார் மொத்தம் ஏறக்குறைய 14,000 மைல் ஓடியிருக்கிறது. வியாபாரத்துக்கு 4,500 மைல் இருக்கும் என்பது மனக்கணக்கு. நோட்டில் எழுத ஆரம்பித்தது ஆகஸ்டிலிருந்துதான். என் சந்தேகங்கள்:

வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளர் வீடு வரை போகும் மைலைக் கழிக்கலாமா? அது கம்யூட்டிங் (வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் சொந்தப் பயணம்), கூடாது என்று டீமில் ஒருவர் சொல்கிறார். தாராளமாகக் கழிக்கலாம் என்று இன்னொருவர். ஆகஸ்டுக்கு முந்தைய மைல் போனது போனதுதானா? மைலுக்கு இத்தனை சென்ட் என்று போடுவது லாபமா, பெட்ரோல் ரசீதை வைத்து அசல் செலவு போடுவதா? காரில் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டி, போகிற இடமெல்லாம் கேட்லாக் கொடுத்தால் எல்லா மைலும் வியாபாரக் கணக்கு என்கிறார்களே, உண்மையா?

வரிப்படிவம்_இ.ஏ.

உங்கள் முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் மற்றதெல்லாம். டீமில் சொன்ன இரண்டு பேருமே பாதி சரி. வீட்டில் உங்களுக்கு வரிச் சட்டப்படி "முதன்மைத் தொழிலிடம்" இருக்கிறதா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இருந்தால், வீட்டு வாசலில் கார் கிளம்பும்போதே வியாபாரப் பயணம் தொடங்கிவிடுகிறது. முதல் வாடிக்கையாளர் வீடு, போஸ்ட் ஆபீஸ், வங்கி, சனிக்கிழமை மீட்டிங் எல்லாமே கழிக்கலாம். மீட்டிங் வாராவாரம் ஒரே இடத்தில் நடந்தாலும் பாதகமில்லை. ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித்துறை) 1999-ல் வெளியிட்ட ரெவின்யூ ரூலிங் 99-7 என்ற விளக்க ஆணை இதைத்தான் சொல்கிறது.

இல்லாவிட்டால், வீட்டிலிருந்து முதல் நிறுத்தம் வரையும், கடைசி நிறுத்தத்திலிருந்து வீடு வரையும் கம்யூட்டிங். நடுவில் ஓடியது மட்டும்தான் தேறும். உங்கள் வட்டாரத்தையே வைத்துப் பாருங்கள். எடிசனிலிருந்து பிளெயின்ஸ்போரோ 19 மைல், அங்கிருந்து பிரின்ஸ்டன் 6 மைல், திரும்ப எடிசன் 21 மைல் என்று ஒரு நாள் போகிறீர்கள், மொத்தம் 46. முதன்மைத் தொழிலிடம் வீட்டில் இருந்தால் 46-ம் கழியும். இல்லையென்றால் 6 மட்டும். சனிக்கிழமை மீட்டிங்குக்கு மட்டும் போய் வந்த நாளில் ஒன்றுமே தேறாது. ஆனால் நீங்கள் குடியிருந்து வழக்கமாக வேலை பார்க்கும் பெருநகர வட்டாரத்துக்கு வெளியே, பாஸ்டன் பக்கம் ஒரு நாள் ஸ்டால் போடுவது மாதிரியான தற்காலிக இடத்துக்குப் போனால், வீட்டில் தொழிலிடம் இல்லாவிட்டாலும் அந்தப் பயணம் கழியும்.

முதன்மைத் தொழிலிடம் ஆவதற்கு என்ன வேண்டும்? ஆர்டர் பதிவது, பில் போடுவது, கணக்கு எழுதுவது, வாடிக்கையாளருக்குத் தேதி கொடுப்பது போன்ற நிர்வாக வேலையை அந்த இடத்தில் முறையாகச் செய்ய வேண்டும். அதே வேலையை வேறொரு நிலையான இடத்தில் கணிசமாகச் செய்யக் கூடாது. விற்பனை வெளியே நடப்பதால் வீடு முதன்மை இடம் ஆகாது என்ற பயம் 1993-ல் வந்த சோலிமன் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் காலத்தது. 1997-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், 1999-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

பலர் தடுக்கி விழுவது அடுத்த நிபந்தனையில். அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும். தனி அறை வேண்டாம், தடுப்புச் சுவரும் வேண்டாம், ஒரு மூலையில் மேசையும் அலமாரியும் போதும். ஆனால் அதே மேசையில் மாலையில் பிள்ளைகள் ஹோம்வொர்க் எழுதினால் அது அடிபட்டுவிடும்.

இங்கே நேரடி விற்பனையாளர்கள் குழம்பும் ஒரு நுணுக்கம் உண்டு. சரக்கு வைக்கும் இடத்துக்கு "மட்டுமே" என்ற நிபந்தனை கிடையாது. வியாபாரத்துக்கு வீட்டைத் தவிர வேறு நிலையான இடம் இல்லாமல், தனியாக அடையாளம் காட்டக்கூடிய பகுதியில் முறையாகச் சரக்கு வைத்தால், அந்த இடத்துக்கான செலவைக் கழிக்கலாம். ஆனால் அது இடத்துக்கான சலுகை மட்டும். காரின் முதல் மைலையும் கடைசி மைலையும் காப்பாற்றுவது முதன்மைத் தொழிலிட விதிதான். பேஸ்மென்ட்டில் சரக்கு இருக்கிறது என்பதால் மட்டும் கம்யூட்டிங் மைல் வியாபார மைல் ஆகிவிடாது.

கணக்குப்பிள்ளை_டாலஸ்

நோட்டு விஷயம் நான் சொல்றேன். கார் செலவுக்குச் சட்டத்துல 274(டி)ன்னு தனிப் பிரிவு இருக்கு. மற்ற செலவுக்கு ரசீது தொலைஞ்சா நியாயமான மதிப்பீட்டைக் கோர்ட் சில நேரம் ஏத்துக்கும். காருக்கு அந்த இரக்கம் கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, போன இடம், மைல், வியாபாரக் காரணம் நாலும் இருக்கணும். ஒரு வரி இப்படி இருந்தாப் போதும்:

செப். 16 – எடிசன்–பிளெயின்ஸ்போரோ–எடிசன் – ஓடோமீட்டர் 41,206 / 41,244 – 38 மைல் – டெமோ, ஆர்டர் எண் 118 – டோல் இல்லை

"கிளையன்ட் விசிட்" என்று மட்டும் எழுதாதீங்க. ஆர்டர் எண், இன்வாய்ஸ் எண் எதையாவது சேர்த்தா அந்த வரிக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடைச்சுடும். தினமும் எழுத முடியலேன்னா வாரக் கடைசியில அந்த வாரத்தை எழுதினாலும் உரிய நேரத்தில் எழுதினதாத்தான் கணக்கு. ஏப்ரல்ல உட்கார்ந்து ஒரே பேனாவால பன்னிரண்டு மாசத்தையும் எழுதினாத்தான் வில்லங்கம். எல்லாப் பயணமும் 40, 50, 60ன்னு முழு எண்ணா இருந்தாலே ஐ.ஆர்.எஸ். ஆடிட்டர் நிமிர்ந்து உட்காருவார்.

ஜனவரி 1, டிசம்பர் 31 ஓடோமீட்டர் எண்ணை போட்டோ எடுத்து வைங்க. அது தவறிப்போனா ஆயில் சேஞ்ச் பில்லைத் தேடுங்க, அதில் தேதியும் ஓடோமீட்டரும் அச்சாகியிருக்கும். ஆடிட்ல அந்த பில்லையும் கேட்கலாம். நோட்டுல மார்ச்சிலிருந்து ஜூன் வரை 5,000 மைல்னு போட்டிருந்து, இரண்டு ஆயில் சேஞ்ச் பில்லுக்கு நடுவுல கார் ஓடினது 3,800 மைல்னா முழு நோட்டும் நம்பிக்கை இழந்துடும்.

ஆகஸ்டுக்கு முந்தைய மாதங்கள் போனது போனதுன்னு விட வேண்டாம். இரண்டு வழி இருக்கு. ஒன்னு, சான்றை வெச்சுத் திரும்பக் கட்டுறது. கம்பெனி போர்ட்டல்ல ஆர்டர் தேதி, வாடிக்கையாளர் ஊர், போன் காலண்டர், "ஆறு மணிக்கு வரேன்"னு அனுப்பின வாட்ஸ்அப், ஈசிபாஸ் (டோல் கட்டும் கருவி) ஸ்டேட்மென்ட், இதையெல்லாம் தேதிவாரியா அடுக்கி, மேப்பில் தூரம் பார்த்துப் போடுங்க. திரும்பக் கட்டினதுன்னு தலைப்பிலேயே எழுதிடுங்க, அன்றே எழுதின மாதிரி காட்டாதீங்க. சான்று கிடைக்காத பயணத்தை விட்டுடுங்க. போன்ல கூகுள் டைம்லைன் இருந்தா உடனே எடுத்து வைங்க. இப்போ அது போனிலேயே சேமிக்கப்படுது, அமைப்பை மாத்தலேன்னா பழையது தானா அழிஞ்சுடும்.

இரண்டாவது, மாதிரிக் காலம். வருஷத்துல ஒரு பகுதிக்கு ஒழுங்கான நோட்டு இருந்து, மத்த மாதங்கள்லயும் வியாபாரம் அதே அளவுல நடந்ததுன்னு இன்வாய்ஸால காட்ட முடிஞ்சா, அந்த விகிதத்தை முழு வருஷத்துக்கும் நீட்டலாம், விதியே அனுமதிக்குது. ஆனா உங்க ஆகஸ்ட்–டிசம்பர்ல தீபாவளி, கிறிஸ்துமஸ் சீசன் வருது. பிப்ரவரியில பாதி ஆர்டர்தான் இருந்ததுன்னா அந்த விகிதம் பிப்ரவரிக்குச் செல்லாது. உங்க நிலைமைக்கு முதல் வழிதான் உறுதியானது.

வரிப்படிவம்_இ.ஏ.

டாலஸ் நண்பர் சொன்னதோடு ஒன்று. ஷெட்யூல் சி நாலாம் பகுதியில் 47ஏ, 47பி என்று இரண்டு கேள்விகள் வரும்: ஆதாரம் இருக்கிறதா, அது எழுத்தில் இருக்கிறதா? சாஃப்ட்வேர் கேட்கும்போது யோசிக்காமல் "ஆம்" அழுத்திவிட்டுப் போகிறார்கள். பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்திடும் படிவம் அது. நோட்டு கையில் இருந்தால் மட்டும் "ஆம்" போடுங்கள்.

ஸ்டிக்கர் விஷயம்: உண்மையில்லை. காரில் விளம்பரம் ஒட்டினால் ஸ்டிக்கரின் செலவு விளம்பரச் செலவாகக் கழியும், சொந்தப் பயணம் வியாபாரப் பயணமாக மாறாது. ஐ.ஆர்.எஸ். பப்ளிகேஷன் 463 இதைத் தனித் தலைப்பிட்டே சொல்கிறது. பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு அங்கே நாலு அம்மாக்களுக்குக் கேட்லாக் கொடுத்தாலும் அது நீச்சல் வகுப்புப் பயணம்தான். பயணம் எதற்காகக் கிளம்பியது என்பதுதான் கேள்வி. டெலிவரி முடித்துத் திரும்பும் வழியில் இந்தியன் ஸ்டோரில் அரிசி வாங்கினால் பரவாயில்லை, ஆனால் கடைக்காக 3 மைல் சுற்றினால் அந்த 3 மைலை விட்டுவிட்டு எழுதுங்கள்.

எண்_மீனா

மைல் ரேட்டா, அசல் செலவா? 2025-க்கு மைலுக்கு 70 சென்ட், 2024-ல் 67 சென்ட். எலெக்ட்ரிக் காருக்கும் இதேதான். ஊகத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் ரசீதை வைத்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

மொத்தம் 14,000 மைல், வடிகட்டிய பிறகு வியாபாரம் 3,640 மைல் என்று வைத்துக்கொள்வோம். அது 26 சதவீதம்.

மைல் ரேட்: 3,640 × 0.70 = 2,548 டாலர்.

அசல் செலவு: பெட்ரோல் 1,850, இன்ஷூரன்ஸ் 1,740, ரிப்பேர் 620, டயர் 480, ரெஜிஸ்ட்ரேஷன் 190, தேய்மானம் 3,000. கூட்டினால் 7,880. அதில் 26 சதவீதம் 2,048.80 டாலர்.

500 டாலர் வித்தியாசம், மைல் ரேட் பக்கம். வியாபார விகிதம் குறைவாக இருக்கும் சாதாரண காருக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். விலை உயர்ந்த கார், விகிதம் 70, 80 சதவீதம் என்றால் தராசு மறுபக்கம் சாயும்.

ஆனால் முதல் வருடத் தேர்வு முக்கியம். காரை வியாபாரத்துக்கு இறக்கிய முதல் வருடம் மைல் ரேட் எடுத்தால்தான் பிற்பாடு விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். சொந்தக் காருக்கு முதல் வருடமே அசல் செலவில் போய் துரிதத் தேய்மானம் (முதல் வருடங்களிலேயே அதிகமாகக் கழிக்கும் முறை) எடுத்துவிட்டால், அந்தக் காருக்கு மைல் ரேட் கதவு மூடிவிடும். லீஸ் காரில் மைல் ரேட் எடுத்தால் லீஸ் முடியும்வரை அதிலேயே இருக்க வேண்டும்.

மைல் ரேட்டுக்குள் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், ரிப்பேர், டயர், ரெஜிஸ்ட்ரேஷன், தேய்மானம் எல்லாம் அடக்கம். பெட்ரோல் பில்லையும் சேர்த்துப் போடுவது இரட்டைக் கணக்கு, அடிக்கடி பார்க்கும் தவறு. தனியாகக் கிடைப்பவை: வியாபாரப் பயணத்தின் பார்க்கிங், டோல் (ஷெட்யூல் சி-யின் 9-ஆம் வரிசையிலேயே மைல் தொகையோடு கூட்டுங்கள்), கார் லோன் வட்டியில் வியாபாரப் பங்கு (வருட வட்டி 900 என்றால் 26 சதவீதம் 234 டாலர், 16பி வரிசை). வர்ஜீனியா மாதிரி கார் மதிப்புக்கு ஆண்டு வரி கட்டும் மாநிலத்தில் இருப்பவர்கள் அதன் வியாபாரப் பங்கையும் 23-ஆம் வரிசையில் எடுக்கலாம். பார்க்கிங் அபராதச் சீட்டு கழியாது, டெமோ நடந்துகொண்டிருந்தபோது ஒட்டியதாக இருந்தாலும்.

இதன் உண்மையான மதிப்பு வருமான வரியோடு நிற்பதில்லை. 15.3 சதவீதச் சுயதொழில் வரியும் ஷெட்யூல் சி லாபத்தின் மேல்தான் விழுகிறது. 2,548 டாலர் கழிவு அந்த வரியில் மட்டும் சுமார் 360 டாலரைக் குறைக்கும். 22 சதவீதப் படியில் இருந்தால் வருமான வரியிலும் 400-க்கு மேல். அதனால்தான் 20 மைல் டெலிவரியைக்கூட எழுதாமல் விடாதீர்கள் என்று சொல்கிறேன்.

காரை விற்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 2025-ன் 70 சென்டில் 33 சென்ட் தேய்மானமாகக் கருதப்படுகிறது. 3,640 மைலுக்கு 1,201.20 டாலர் உங்கள் காரின் அடக்க விலையில் (விற்பனை லாபத்தைக் கணக்கிடும் அடிப்படை விலை) குறையும். வருடாவருடம் எத்தனை வியாபார மைல் என்பதைக் கார் இருக்கும்வரை வைத்திருங்கள்.

எடிசன்_டப்பாக்கடை

மிக்க நன்றி. இரண்டு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். ஆகஸ்ட் முடியும்வரை பில், கணக்கு எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். செப்டம்பர் 1-லிருந்து பேஸ்மென்ட்டில் ஒரு மேசை போட்டு அதில் மட்டும் செய்கிறேன். சரக்கு அலமாரி பக்கத்திலேயே, ஆனால் அதில் எங்கள் சூட்கேஸும் இருக்கிறது. கணவரும் இதே காரில்தான் ஆபீஸ் போகிறார். ஹோம் ஆபீஸ் கழிவு எடுத்தால் ஆடிட் வரும் என்று பயமுறுத்துகிறார்கள், அதை எடுக்காமல் மைலை மட்டும் எடுக்கலாமா?

வரிப்படிவம்_இ.ஏ.

வருடத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஆகஸ்ட் 31 வரை சாப்பாட்டு மேசை, தொழிலிடம் இல்லை. வீட்டிலிருந்து முதல் நிறுத்தம் வரையும், கடைசி நிறுத்தத்திலிருந்து வீடு வரையும் கம்யூட்டிங், நிறுத்தங்களுக்கு நடுவே ஓடியது மட்டும் தேறும். செப்டம்பர் 1 முதல் வீட்டு வாசலிலிருந்தே கணக்கு. ஆகஸ்ட் நோட்டில் இருக்கும் பயணங்களையும் இந்தக் கண்ணோடு திருத்துங்கள். உங்கள் 4,500 கணிசமாக இறங்கும், அதுதான் நிற்கும் எண்.

மேசையிருக்கும் பகுதியை சூட்கேஸ் அலமாரியிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் "மட்டுமே" என்பதைக் காட்டுவது கடினம். செப்டம்பரில் இருந்த நிலையின் போட்டோ இருந்தால் எடுத்து வைக்கவும், அளவையும் எழுதவும். 60 சதுர அடி என்றால் ஹோம் ஆபீஸ் கழிவின் எளிய முறையில் சதுர அடிக்கு 5 டாலர் வீதம், பயன்படுத்திய மாதங்களுக்கு விகிதாச்சாரமாக, 4 மாதத்துக்கு 100 டாலர்தான் வரும். 300 சதுர அடிதான் உச்சவரம்பு.

மைலுக்குத் தேவை வீடு அந்தத் தகுதியைப் பூர்த்தி செய்வது. ஹோம் ஆபீஸ் கழிவை எடுத்தே ஆக வேண்டும் என்று விதியில் இல்லை. ஆனாலும் எடுப்பதுதான் என் ஆலோசனை. மைலில் வீட்டைத் தொழிலிடம் என்று சொல்லிவிட்டு ஹோம் ஆபீஸ் கழிவுக்கான 30-ஆம் வரிசையைக் காலியாக விட்டால், கேள்வி வரும்போது நீங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி இருக்கும். 100 டாலரே ஆனாலும் போடுங்கள்.

கணவரின் ஆபீஸ் ஓட்டம் மொத்த மைலில் சேரும், உங்கள் வியாபார மைலில் சேராது. ஷெட்யூல் சி-யின் 44-ஆம் வரிசையில் வியாபாரம், கம்யூட்டிங், மற்றவை மூன்றும் கூடினால் ஓடோமீட்டர் வித்தியாசத்தோடு ஒத்துப்போக வேண்டும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

கணக்குப்பிள்ளை_டாலஸ்

இன்னொன்னு சேர்த்துக்கறேன். கமிஷன் 3,000, மைலேஜ் 4,000, நஷ்டம் 1,000ன்னு வருஷாவருஷம் போனா, இது தொழிலா பொழுதுபோக்கான்னு கேட்பாங்க. ஐந்தில் மூணு வருஷம் லாபம் காட்டினா தொழில்ங்கற அனுமானம் உங்க பக்கம். பொழுதுபோக்குன்னு முடிவானா வருமானத்துக்கு வரி உண்டு, மைல் முழுக்கப் போயிடும். அதனால ஒவ்வொரு ஊர் டிரிப்புக்கும் எவ்வளவு ஆர்டர் வந்ததுன்னு நோட்டுல பக்கத்திலேயே ஒரு கட்டம் போடுங்க. 42 மைல் ஓடி 15 டாலர் கமிஷன் வந்தா அடுத்த மாசம் அந்த ஊர் டெலிவரியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறைன்னு சேர்த்துடலாம். வியாபாரத்தை லாபத்துக்காக நடத்தறீங்கன்னு காட்ட அந்தக் கட்டமும் ஒரு ஆதாரம்.

நோட்டு, போட்டோ, ஈசிபாஸ் ஸ்டேட்மென்ட் மூணையும் ரிட்டர்ன் தாக்கல் செஞ்ச நாளிலிருந்து குறைஞ்சது மூணு வருஷம் வைங்க. போன்ல மட்டும் வெச்சுக்காம, ஒரு பிரதி வேறெங்காவது இருக்கட்டும்.